பூனை குரைத்த பக்கம்

நான் பிறந்த அன்றே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மருத்துவமனையில் என்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா குனிந்து பார்த்து, "வாங்க ஜூனியர்" என்றாராம். வீட்டில் இன்றுவரை அதுதான் என் பெயர்.

அப்பா வக்கீல். கொலை, கொள்ளையெல்லாம் அவருக்குச் சுவாரசியப்படாது. இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு சாண் இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் மட்டும் சாப்பாட்டை மறந்துவிடுவார். வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் அவர் பெயருக்குக் கீழே ஒரு பட்டை காலியாக இருக்கும். பலகை எழுத வந்தவர் ஏன் இவ்வளவு இடத்தை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஆள் உள்ள வளர்ந்துட்டிருக்கு" என்றாராம். உள்ளே நான் அப்போது பால்பல் விழுந்து, வாயைத் திறந்தாலே காற்று போகும் கோலத்தில் இருந்தேன்.

ஓட்டைப் பல்லோடு இருந்தாலும் எனக்கு அலுவலகத்தில் ஒரு வேலை இருந்தது. வக்கீல் அலுவலகத்தில் ஒத்துப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. கையால் எழுதிய மூலத்தை ஒருவர் வைத்துக்கொள்வார். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த பிரதியை இன்னொருவர் உரக்கப் படிப்பார். கமா வந்தால் 'கமா' என்றும், புள்ளி வந்தால் 'புள்ளி' என்றும் வாயால் சொல்ல வேண்டும். ஒரு கமா விட்டுப்போனாலும் மூலத்தை வைத்திருப்பவர் கையைத் தூக்குவார். சிவப்பு மையால் திருத்துவார்கள். வழக்கமாகப் படிப்பவர் குமாஸ்தா மாமா. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் நான்.

இதற்கு அப்பா இரண்டு விதிகள் வைத்திருந்தார். முதல் விதி, எழுதியவர் ஒத்துப் பார்க்கக் கூடாது. தாளில் இருப்பதை விட்டுவிட்டுத் தன் மனசில் இருப்பதைப் படித்துவிடுவார். இரண்டாவது விதி, பொருளைப் பார்க்காதே, எழுத்தைப் பார். என்ன சொல்லியிருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் கண் ஏமாற்றிவிடும். இந்த இரண்டாவது விதியில் அப்பாவை அடிக்க ஆளில்லை. "அவர் ஒத்துப் பார்த்த தாளா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று எதிர்க்கட்சி வக்கீல்களே சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட முகூர்த்த நேரத்தைப் பார்க்க மாட்டார், முற்றுப்புள்ளியைப் பார்ப்பார்.

நான்தான் அந்த விதியில் தேறவே இல்லை. "வடக்கே கிணறு கமா தெற்கே சுவர் கமா" என்று படித்துக்கொண்டே போவேன். சட்டென்று நின்று, "அந்தக் கிணத்துல தண்ணி இருக்காப்பா?" என்பேன்.

"பொருளைப் பார்க்காதே ஜூனியர்."

"சுவரை யாருப்பா முதல்ல இடிச்சது?"

"எழுத்தைப் பாரு."

எழுத்தைப் பார்த்துப் பார்த்து நான் எழுதுகிறவளாகவே ஆகிவிடுவேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, பாவம்.

சட்டப் படிப்பை முடித்தேன். கறுப்புக் கோட்டு தைத்து வந்து என் அறையில் ஆணியில் தொங்கியது. அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேஜையும் வந்துவிட்டது. அதைத் தினமும் குமாஸ்தா மாமா எனக்குக் கேட்கும்படியாகத் துடைப்பார். வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள வேண்டிய வாரத்தில், காலைச் சாப்பாட்டின்போது நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, நான் கோர்ட்டுக்கு வரலை. கதை எழுதப் போறேன். எழுதி நானே புத்தகமாவும் போடப் போறேன்."

அம்மா தட்டில் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்பா மட்டும் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். அதிர்ச்சியைத் தண்ணீரோடு விழுங்குவது அவருக்கு நீதிமன்றத்தில் பழகிப்போனது.

"போடறவங்க நாட்டுல யாரும் இல்லையா? நீயே ஏன் போடணும்?"

நியாயமான கேள்வி. ஒரு பதிப்பகத்துக்கு என் நாவலை அனுப்பியிருந்தேன். இரண்டு வீட்டுக்காரர்கள் நடுச்சுவருக்காக வழக்காடுகிற கதை. அந்த இரண்டு வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு வீட்டிலும் வேறு வேறு பெயரோடு ஒரு நாய் வாழ்கிறது. 'கதை நன்றாக இருக்கிறது, நாயை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்' என்று அங்கிருந்து பதில் வந்தது. படித்ததும் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என் வீட்டுக்குள் வந்து என் நாயைத் துரத்த அவர் யார்? அந்தக் கோபம் தணிவதற்குள் நான் பதிப்பாளர் ஆகிவிட்டேன்.

இதையெல்லாம் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டு கையைத் துடைத்தார்.

"வாய்தா தரேன். ஒரு புத்தகம் போடு. அது வெளிய வந்ததும் இதே மேஜையில உட்கார்ந்து முடிவு பண்ணுவோம், கோட்டா புத்தகமான்னு. அதுவரைக்கும் கோட்டு ஆணியில தொங்கட்டும்."

"நீங்க படிச்சுப் பார்த்து முடிவு சொல்வீங்களா?"

"நான் படிக்க மாட்டேன்."

"ஏன்?"

"சொந்தக்காரங்க வழக்கை ஜட்ஜ் விசாரிக்கக் கூடாது. அதோட கதை படிக்கிற பழக்கமே எனக்கு இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்தும் வலித்தது. ஊரே படித்துப் பாராட்டினாலும் முன்னறையில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் படிக்க மாட்டார் என்றால் எனக்கு அது பாதிப் புத்தகம்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனேன். அம்மா பின்னாலேயே வந்து, "கோபத்தை எல்லாம் காட்டு, சாப்பாட்டு மேல மட்டும் காட்டாதே" என்று மிச்சத்தை ஊட்டிவிட்டாள்.

புத்தகம் எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்பாவின் அலமாரியிலிருந்த சட்டப் புத்தகங்களை இறக்கி, ஸ்கேலை வைத்து ஓரம் எவ்வளவு, வரிக்கு வரி இடைவெளி எவ்வளவு என்று அளந்தேன். அதனால் என் நாவலின் முதல் வடிவம் வரிச் சட்டம் மாதிரியே இருந்தது. நகைச்சுவை நாவலுக்கு அது அவ்வளவு நல்லதில்லை. கணினியில் நானே பக்கம் அமைத்து, மாதிரிக்கு ஒரு பிரதி எடுத்துத் தைத்தேன். உள் ஓரம் விட மறந்திருந்தேன். வரிகளின் ஓர வார்த்தைகள் எல்லாம் தையலுக்குள் போய் ஒளிந்துகொண்டன. அம்மா இரண்டு கட்டை விரலாலும் புத்தகத்தைப் பிளந்து, "பல் டாக்டர்கிட்ட வாயைக் காட்டுற மாதிரி இருக்கு" என்றாள்.

அச்சகத்துக்குப் போனேன். அதை நடத்துகிற அக்கா, கையிலிருந்த மையைத் துடைக்காமலேயே என் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"புத்தக முதுகுல இருக்கிற பேரு தலைகீழா இருக்கே. படிக்கிறவங்க சிரசாசனம் போடணுமா?"

"மாத்திடறேன் அக்கா."

"மாத்து. உள்ள இருக்கிறதையும் நல்லா பார்த்துக் கொண்டுவா. நீ கொடுக்கிறதை அப்படியே அடிப்பேன். நான் படிக்க மாட்டேன்."

இவருமா, என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அக்காவை எனக்குப் பிடித்துப்போயிற்று. அச்சு இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே நாங்கள் சிநேகமானோம். தாளை எந்தப் பக்கம் மடித்தால் வெடிக்கும், எந்தப் பக்கம் மடித்தால் மடங்கும் என்பதெல்லாம் அங்கே சும்மா நின்று வேடிக்கை பார்த்தே தெரிந்துகொண்டேன். காலையில் எழுந்ததும் எனக்கு வேலைக்குப் போகிற மாதிரியே இல்லை. விளையாடப் போகிற மாதிரி இருந்தது. சட்டக் கல்லூரிக்குப் போன காலத்தில் ஒருநாள்கூட நான் பஸ்ஸுக்கு ஓடியதில்லை, அச்சகத்துக்கு ஓடினேன்.

பக்கங்கள் தயாரானதும் ஒரு சிக்கல் வந்தது. பிழை பார்க்க வேண்டும். எழுதியவர் ஒத்துப் பார்க்கக் கூடாது என்பது வீட்டு விதி. நான் பார்த்தால் எல்லாமே அழகாக இருந்தது. எனவே நேராக அலுவலகத்துக்குப் போய்க் கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"படிக்க வேண்டாம்பா. ஒத்து மட்டும் பாருங்க. ஒத்துப் பார்க்கிறது படிக்கிறது ஆகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

அப்பா யோசித்தார். வாதத்தில் ஓட்டை தேடினார், கிடைக்கவில்லை.

"ஆகாது" என்று ஒப்புக்கொண்டார். "மூலத்தையும் வச்சிட்டுப் போ. வெளிய போய்க் கதவைச் சாத்து. எழுதினவ பக்கத்துல இருக்கக் கூடாது."

மூலம் என் கையெழுத்துப் பிரதி. அதில் ஒரு விஷயம் இருந்தது. முதலில் நான் எழுதியபோது நாய் நாயாக இல்லை, பூனையாக இருந்தது. அப்படித்தான் கணினியிலும் ஏற்றியிருந்தேன். பூனையைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்று பிறகு புத்தி வந்து, எல்லாவற்றையும் நாயாக்கித் திரும்பக் கையால் எழுதினேன். கணினியிலும் தேடித் தேடி மாற்றினேன். முழுக்க மாற்றிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். உள்ளே குமாஸ்தா மாமா பத்திரம் படிக்கிற குரலில் என் காதல் காட்சியைப் படித்துக்கொண்டிருந்தார். "அவள் அவனைப் பார்த்தாள் கமா அவன் சுவரைப் பார்த்தான் புள்ளி." கேட்கவே கூச்சமாக இருந்தது. நடுநடுவே அப்பாவின் குரல். "நிறுத்துங்க. இங்க ஒரு கமா விட்டுப்போயிருக்கு." எனக்குச் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்து வந்தன. என் வாக்கியங்கள் அப்பாவின் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றைச் சுங்கச்சாவடிக்காரர் வண்டிகளைப் பார்ப்பது போலப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் குரல் தேய்ந்துவிட்டது. கமாவும் காணோம், புள்ளியும் காணோம். முணுமுணுவென்று ஏதோ கேட்டது. அப்புறம் அப்பாவுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, அடக்கி அடக்கி வருகிற இருமல். குமாஸ்தா மாமாவுக்கும் தொற்றிக்கொண்டது. அம்மா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கடையிலிருந்து சாப்பிட வந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இருமல் மருந்தை எடுத்துக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு பேருக்கும் கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. பழைய கட்டு எதையாவது பிரிச்சாங்களா, தூசியா இருக்கும்" என்றாள்.

சாயங்காலம் அப்பா தாள்கட்டை என்னிடம் நீட்டினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"பார்த்தாச்சு."

"அவ்வளவுதானாப்பா?"

"வேற என்ன? கமா எல்லாம் ஒழுங்கா இருக்கு."

அறைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். முற்பாதியில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. பிற்பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது. போகப் போக என் கை தேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டேன். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் சுருக்கென்று இருந்தது. நாய் கோர்ட்டுக்குள் வருகிற இடத்தைத் தாண்டி வந்தும் ஒரு மனிதர் கமாவைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்றால், ஒன்று அவர் கல், இல்லாவிட்டால் நான் எழுதியது கல்.

சிவப்பு மையைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தேன். புத்தகம் வந்தது. அச்சகத்து அக்கா முதல் பிரதியை என் கையில் வைத்துவிட்டு, நான் அழுவேன் என்று எதிர்பார்த்து ஒரு துணியும் எடுத்துக் கொடுத்தார். அது மை துடைக்கிற துணி. அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்து வீட்டுக்கு வந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் சந்தோஷம் அவ்வளவு வெளியே தெரிகிறது போல என்று நானும் பதிலுக்குச் சிரித்தேன். கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது.

அம்மா தன் கடையில், இருமல் மருந்துக்குப் பக்கத்தில் புத்தகத்தை அடுக்கினாள். தலைவலி மாத்திரை கேட்டு வந்தவர்களிடம், "இதையும் எடுத்துட்டுப் போங்க, இதுக்குப் பக்க விளைவு கிடையாது" என்றாள். கூட்டம் இல்லாத நேரத்தில் தானும் ஒன்றை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். மறுநாள் எனக்குப் போன் வந்தது.

"ஏன்டி, உன் புத்தகத்துல பூனை குரைக்குது."

"என்னது?"

"நல்லாத்தான் குரைக்குது. ஆனா பூனை குரைக்குது. அதுமட்டுமில்லை, சுவர் ஒரு தடவை இடிஞ்சது, பக்கத்தைத் திருப்பினா அதே சுவர் மறுபடியும் இடியுது."

புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அம்மா சொன்னது சரி. 'நீதிபதியைப் பார்த்துப் பூனை வாலை ஆட்டிக்கொண்டே குரைத்தது.' இன்னும் நாலைந்து இடத்தில் அதே பூனை எலும்பு கடித்தது, தபால்காரரைத் துரத்தியது. ஒரு பக்கம் முழுசாக இரண்டு முறை வந்திருந்தது. எல்லாமே பிற்பாதியில்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் புயலாக நுழைந்தேன். கட்சிக்காரர் யாரும் இல்லை. அப்பா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், குமாஸ்தா மாமா என் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னப்பா?" என்று பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பூனையைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடி சுவர் இடிவதைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததே இல்லை.

"நான் பார்த்த தாளுல இது இருந்துச்சா?"

அவர் திருத்திய தாள்கட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டேன். அதிலும் பூனை குரைத்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் ஒரு பொட்டு சிவப்பு மைகூட இல்லை. ஒரு கமாவின் வால் நீளம் என்று வழக்கையே ஒத்திவைக்கச் சொன்ன மனிதர் அதையே வெறித்துப் பார்த்தார். கோபம் எனக்கு உச்சியில் இருந்தது. அந்தக் கோபத்திலேயே பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டு போனேன். கடைசிச் சிவப்பு மை எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். பார்த்ததும் நின்றுவிட்டேன்.

நாய் கோர்ட்டுக்குள் நுழைகிற இடம். ஒரு கமாவுக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு தொடங்கி, பாதியில் அப்படியே விட்டுப்போயிருந்தது.

கோபம் எந்த வழியாக இறங்கிப் போயிற்று என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். படித்த சட்டம் வீண் போகக் கூடாது அல்லவா.

"சாட்சி உண்மையைச் சொல்லணும். இந்தப் பக்கம் வரைக்கும் வரிக்கு வரி திருத்தியிருக்கீங்க. சரியா?"

"சரி."

"இதுக்கு அப்புறம் ஒரு திருத்தமும் இல்லை. தூங்கிட்டீங்களா?"

"நான் வேலை நேரத்துல தூங்கறவன் இல்லை."

"அப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

அப்பா பேனா மூடியைத் திருகினார். திறந்தார். மறுபடி திருகினார்.

"இருமல் வந்துச்சு" என்றார்.

குமாஸ்தா மாமாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. துடைக்கிற துணியோடு முன்னால் வந்தார்.

"பாப்பா, என்னையும் சாட்சியா சேர்த்துக்கோ. அது இருமல் இல்லை. ஐயா சிரிச்சாரு. நீ வெளிய உட்கார்ந்திருக்கியேன்னு வாயில துண்டை வச்சு அடக்கிக்கிட்டு சிரிச்சாரு. எனக்கும் முடியலை. அப்ப அம்மா வந்து மருந்து ஊத்திட்டாங்க, ரெண்டு பேரும் சத்தம் போடாம குடிச்சோம்."

"நீங்க பேசாதீங்க" என்றார் அப்பா.

"கமாவெல்லாம் சொல்லாதீங்க, வேகமா படிங்கன்னு சொன்னது யாரு ஐயா? அப்புறம் நான் படிக்கிற வேகம் பத்தலைன்னு கையில இருந்ததையே பிடுங்கிக்கிட்டீங்க."

நான் அப்பாவையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, குரைக்கிற பூனையைப் பார்த்தார்.

"வேணும்னு பண்ணலை" என்றார். "ஒழுங்காத்தான் பார்த்துட்டு வந்தேன். அந்த நாய் சாட்சிக் கூண்டுல ஏறுச்சு. ரெண்டு வீட்டுக்காரனும் ஆளுக்கு ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அது யார்கிட்ட போகும்னு தெரியணும்ல. அதுக்கு மேல நான் எழுத்தைப் பார்க்கலை."

"அப்ப பொருளைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

ஊரிலிருக்கிற விருதையெல்லாம் கூடையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தாலும் அந்தப் பூனையை நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆயுள் முழுக்க ஒரு கமாவைக்கூடத் தப்பவிடாத மனிதரைத் தாண்டி ஒரு பூனை குரைத்துக்கொண்டே போயிருக்கிறது என்றால், அவருக்கு அது காதில் விழாதபடி அவர் உள்ளே எங்கேயோ இருந்திருக்கிறார். என் கதைக்குள்ளே.

கடையைப் பூட்டிவிட்டு அம்மா வந்து சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேரும் பூனை வருகிற இடங்களை எல்லாம் தேடிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். இந்த முறை யாரும் இருமவில்லை. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "அப்ப என் மருந்து ரெண்டு மூடி வீணா?" என்று அதற்கு வருத்தப்பட்டாள். பிறகு நினைவு வந்தவளாக, "வாய்தா முடிஞ்சுபோச்சே. கோட்டை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

அப்பா எழுந்து, வாசல் பக்கம் பலகை மாட்டியிருக்கிற திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தக் குரைக்கிற பூனைக்குப் போட்டுவிடு" என்றார். "பலகையில இருக்கிற இடத்துல பதிப்பகத்துப் பேரை எழுதச் சொல்லு. வச்ச இடம் சும்மா கிடக்கக் கூடாது. மேஜை எப்படியும் அவளோடதுதான்."

குமாஸ்தா மாமா உடனே அந்த மேஜையை இன்னொரு முறை துடைத்தார்.

"ஆனா ஒண்ணு" என்று அப்பா என் பக்கம் திரும்பினார். முகம் மறுபடி கறாராகிவிட்டது. "அடுத்த புத்தகத்தை ஒத்துப் பார்க்க வேற ஆளை வச்சுக்கோ. இனிமே நான் அதுக்கு லாயக்கில்லை."

"நீங்க என்ன செய்வீங்க?"

"அச்சாகி வரட்டும். காசு கொடுத்து வாங்கிப் படிச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு தன் கட்டுகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்தார், கீழே வைத்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஜூனியர், அந்த நாய் அடுத்ததுலயும் வருமா?"